சிப்பிக்கும் சர்வே எண் உண்டு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் ஒளித்துவைத்த பெட்டியைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டுக்கு எங்கள் பக்கம் தோதான இடம் உண்டா என்று கேட்கிறார்.

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000 மே மாதம் அமெரிக்கா நீக்கியது. ஓரிரு நாளிலேயே ஓரிகனில் இந்த விளையாட்டு பிறந்தது. இதில் எனக்குப் பிடித்தது ‘எர்த்கேச்’ என்ற வகை. அதில் பெட்டியே கிடையாது. குறித்த இடத்துக்குப் போய்ப் பாறையைப் படித்து, கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது.

விருத்தாசலத்தில் கார்டு லைன் ரயில் ஏறினால் பெண்ணாடம், செந்துறை தாண்டி அரியலூர். அதற்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சி. அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் இந்தக் கல்லில் கிரைபியா என்ற சிப்பி அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

கிரைபியாவின் கீழோடு கனத்து வளைந்தது; மேலோடு மூடிபோலத் தட்டை. உயிரோடிருந்தபோது அது வளைந்த பக்கத்தைச் சேற்றில் பதித்துக் கிடந்தது. பாறையிலும் அப்படியே இருந்தால், அது வாழ்ந்த நிலையிலேயே புதைந்திருக்கலாம். ஒரே அடுக்கில் பலவும் கவிழ்ந்து கிடந்தால், நீரோட்டமோ புயலலையோ புரட்டிப்போட்டிருக்க வேண்டும். ஏழு கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் கொந்தளித்ததா, அமைதியாக இருந்ததா என்பதை ஓடு கிடக்கும் வாகே சொல்லிவிடுகிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்த ஓட்டைப் பெயர்த்துப் பையில் போட்டால் இந்தச் சாட்சியம் அழிந்துவிடும். சர்வே எண் கிழிந்துபோன பத்திரத்தை வைத்துக்கொண்டு என் தாத்தா தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தது நினைவிருக்கிறது. நிலம் இருந்தது, எது என்று காட்ட வழியில்லை. அலமாரியில் வைத்த சிப்பியும் அப்படித்தான்.

ஆலைக்குக் கல் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெட்டுமுன் அடுக்குகளைப் படமெடுத்துப் பதிவுசெய்வதற்குப் பெரிய செலவில்லை. சுற்றுலா வரும் பிள்ளைகள் கைநிறையப் பொறுக்கிப் போவதை ஆசிரியர்கள் தடுக்க வேண்டும்.

வாசகரே, தாராளமாகப் போங்கள். சுரங்கத்துக்குள் அனுமதியின்றி இறங்காதீர்கள். ஓட்டின் அருகே ஒரு நாணயம் வைத்துப் படமெடுங்கள். இடத்தையும், எந்தப் பக்கம் மேலே என்பதையும் குறியுங்கள். கையில் எடுத்துப் பார்க்கும் ஆசை வந்தால் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய்க் கண்ணாரப் பாருங்கள். சிப்பியைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.