சோர்வுக்குக் காரணம் சோம்பலா?

எந்நேரமும் களைப்பு, உறங்கியும் தீராத சோர்வு, பிறர்க்கில்லாத குளிர், மலச்சிக்கல், உடற்பருமன். இவற்றைச் சொல்லும் பெண்ணைச் சோம்பேறியென ஏசுதல் நம் வீடுகளிற் புதியதன்று. ஆயின், சோம்பியிருப்பது அவளன்றி, அவளது கழுத்தின் முன்புறத்தேயுள்ள தைரொயிட் சுரப்பியாகவும் இருத்தல் கூடும். இரத்தப் பரிசோதனையே அதனை வெளிப்படுத்தும்.

ஆனால் கைக்கு வரும் பரிசோதனைச் சீட்டு நம்மிற் பலரை மயக்கிவிடுகின்றது. அதில் ரி.எஸ்.எச். உயர்ந்திருந்தால், சுரப்பி மிகையாக வேலை செய்வதாக எண்ணுகின்றோம். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது.

தைரொயிட் சுரப்பி தருவது ரி-4 எனக் குறிக்கப்படும் தைரொட்சின். ரி.எஸ்.எச். என்பதோ மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி அதற்கு அனுப்பும் ஏவல். மாடு தளர்ந்தால் வண்டிக்காரன் உரத்து அதட்டுவான், விரைந்தோடினால் வாளாவிருப்பான். அவ்வாறே தைரொட்சின் குறைந்தால் ஏவல் உயரும், மிகுந்தால் தாழும்.

ஆகவே இரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். ரி.எஸ்.எச். உயர்ந்து ரி-4 தாழ்ந்திருப்பின், அது சுரப்புக் குறைவு. ரி.எஸ்.எச். தாழ்ந்து ரி-4 உயர்ந்திருப்பின், அது சுரப்பு மிகை. நெஞ்சு படபடப்பும் கைந்நடுக்கமும் மெலிவும் அதன் அறிகுறிகள். ரி.எஸ்.எச். மட்டும் சிறிது உயர்ந்திருப்பின், வைத்தியர் பெரும்பாலும் மீண்டும் சோதித்தே முடிவு செய்வார்.

வளர்ந்தோர்க்கு ரி.எஸ்.எச். லீற்றருக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 மில்லி அலகு வரை இருத்தல் வழக்கம்; ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் இது சற்று வேறுபடும். கர்ப்பிணிகளுக்குரிய அளவு வேறு. தொடக்க மாதங்களிற் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைரொட்சினையே நம்பியிருத்தலால், அவர்கள் வைத்தியரைக் காணத் தாமதித்தல் ஆகாது.

தைரொட்சின் மாத்திரையை வெறுவயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் சென்றபின்னரே தேநீரும் காலையுணவும் கொள்ளல் நன்று. இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரையின் அளவை மாற்றினால், 6 முதல் 8 வாரங்கள் சென்றே ரி.எஸ்.எச். நிலைபெறும். தலைமயிர் உதிர்வுக்கெனப் பயோட்டின் உண்போர் சோதனைக்கு முன்னரே அதனைக் கூறுதல் வேண்டும். அது எண்களைப் பிறழச் செய்யவல்லது.

எண் சரியாயிற்றென மாத்திரையைத் தாமே நிறுத்துவோரும் உளர். அவ்வெண்ணைச் சரியாக்கியது அம்மாத்திரையே என்பதை அவர்கள் மறத்தலாகாது. நிறுத்துவதாயினும் குறைப்பதாயினும் வைத்தியரைக் கேட்டே செய்வோமாக.