டீக்கடையில் நின்றே லாரியை ஸ்டார்ட் செய்யலாமா?

மாங்காய் சீசன் வந்துவிட்டால் காவேரிப்பட்டினம் பக்கம் கூழ் ஆலைகளின் வாசலில் லோடு லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வரிசை நகரும் வரை டிரைவருக்கு டீக்கடைதான் கதி. அங்கிருந்தபடியே சாவிக்கொத்தில் ஒரு பட்டனை அழுத்தி எஞ்சினை ஓடவிடும் ரிமோட் ஸ்டார்ட்டர், காரில் வந்துவிட்டது. லாரியில் வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். லாரி உரிமையாளர்களும் டிரைவர்களும் எழுப்பும் சந்தேகங்கள் சில இங்கே.

காலையில் ஏர் ஏறுவதற்கே நேரம் போகிறது. குளித்துக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டில் ஸ்டார்ட் செய்துவிட்டால் அந்த நேரம் மிச்சம்தானே?

மிச்சம்தான். ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஸ்பிரிங் பிரேக் உள்ள லாரியில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது ஸ்பிரிங். காற்று உள்ளே போய்தான் அந்தப் பிடியை விடுவிக்கிறது. ராத்திரி ஹேண்ட் பிரேக் லீவரைப் போட மறந்துவிட்டு, விடுவித்த நிலையிலேயே இறங்கிப் போகிறீர்கள் என்று வையுங்கள். விடிவதற்குள் டேங்கில் இருந்த காற்று கசிந்துவிடும், ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும், வண்டி அசையாமல் நிற்கும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

இப்போது ரிமோட்டை அழுத்துகிறீர்கள். எஞ்சின் ஓட ஓடக் காற்று ஏறுகிறது. அழுத்தம் சுமார் 5 பாரை நெருங்கியதும் பிரேக் தானாகவே விட்டுவிடும். சக்கரத்துக்குக் கட்டையும் போடவில்லை, தரையும் லேசான இறக்கம் என்றால், சீட்டில் ஆள் இல்லாமலே லாரி கிளம்பிவிடும். சீட்டில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் இதைக் காலால் நிறுத்திவிடுவார். குளியலறையில் இருப்பவர் என்ன செய்வார்?

நியூட்ரலில் போட்டுவிட்டால் போதாதா?

மேட்டில் நிறுத்தினால் கியரில் போட்டு நிறுத்து என்றுதான் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல பழக்கம். ரிமோட்டுக்கு அதுவே எமன். கியரில் கிடக்கும் லாரியில் செல்ப் அடித்தால் செல்ப் மோட்டாரே வண்டியைத் தள்ளும். எஞ்சின் பிடித்துக்கொண்டால் அதன் பிறகு நிற்காது.

கியர் மாற்றி ஓட்டும் கார்களுக்கு இதற்கென ஓர் ஏற்பாடு உண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்து, இறங்கிக் கதவைச் சாத்த வேண்டும். அதன் பிறகுதான் எஞ்சின் அணையும். கிளட்சை விட்டும் எஞ்சின் ஓடியதே, அதனால் நியூட்ரல்தான் என்று கருவி முடிவு செய்கிறது. நடுவில் கதவு திறந்தால் அந்தக் கணக்கு ரத்து. காருக்கு இது கெட்டிக்கார யோசனை. லாரியில் கேபினுக்குள் கிளீனர் படுத்திருப்பார். கதவு திறக்காமலே அவர் கால் நீட்டும்போது கியர் ராடு இடறினால், கருவிக்கு அது தெரியவே தெரியாது. எனவே கியர்பாக்ஸில் நியூட்ரல் சுவிட்ச் இல்லாத வண்டியில் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

கார் கிட் விலை குறைவாகக் கிடைக்கிறது. அதையே மாட்டலாமா?

கார் கிட் 12 வோல்ட். குட்டி யானை, பிக்கப் போன்றவையும் 12தான். பெரிய லாரியில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட். நேரே கொடுத்தால் கிட் கருகும். ‘ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுத்துக்கொள்ளலாம் அண்ணே’ என்று சொல்லும் எலக்ட்ரீஷியனிடம் ஜாக்கிரதை. அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்துச் சார்ஜ் ஏற்றுவதால் மற்றது அளவுக்கு மீறிக் கொதித்துத் தண்ணீர் வற்றும். கடைசியில் ஜோடியாகவே மாற்ற வேண்டி வரும்.

பழைய மாடல் லாரிகளில் இன்னொரு சிக்கல். கேபிளை இழுத்தால்தான் எஞ்சின் அணையும் என்றால், ஸ்டார்ட் செய்யத் தெரிந்த ரிமோட்டுக்கு நிறுத்தத் தெரியாது.

சாவியில் சிப் உள்ள புதிய வண்டிகளுக்கு, மாற்றுச் சாவி ஒன்றை டேஷ்போர்டுக்குள் ஒளித்துவைத்து வேலையை முடிப்பவர்கள் உண்டு. திருடனுக்குச் சாவியை நாமே கொடுத்துவைப்பது மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவைப் பாருங்கள். பொது இடத்தில் வண்டி நின்றால், லைசென்ஸ் உள்ளவர் டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினை அணைத்து, பிரேக் போட்டோ வேறு வகையிலோ வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 44-ன் ஓரத்தில் ஆளில்லாமல் எஞ்சின் ஓடுவது இந்தப் பிரிவுக்கு நேர் எதிர். சொந்த ஷெட்டுக்குள் என்றால் கதை வேறு. அங்கும் கதவடைத்த ஷெட்டில் புகை சேரும். வாரண்டி உள்ள வண்டியில் வயரிங்கை வெட்டும் முன் டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டில் எல்லாரும் வைத்திருக்கிறார்களே?

அலாஸ்காவிலும் கனடாவிலும் குளிரில் எஞ்சின் உறைந்துபோகும். நம் லடாக்கில்கூட டீசல் உறைகிறது என்பதால் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் தனி டீசலைக் கொண்டுவந்தது. ஓசூர் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை போதும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது.

வெயில் என்றால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம். மே மாத மதியத்தில் ஏறும் முன்பே கேபின் குளிர்ந்திருந்தால் சுகம்தான். அதற்காக ஆளில்லாமல் எஞ்சினை ஓட்டி டீசலை எரிப்பதைவிட, கண்ணாடிக்கு மறைப்புப் போட்டு, புளியமர நிழலில் நிறுத்துவது மலிவு.

அப்படியும் மாட்டியே ஆக வேண்டும் என்றால்?

சொந்த இடத்தில் நிற்கும் பிக்கப்புக்கு மட்டும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இரண்டுக்கும் சுவிட்ச் இருந்து, இரண்டும் சரியாக இருந்தால்தான் செல்ப் அடிக்க வேண்டும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் இல்லை. அதனால் எஞ்சின் பிடித்ததா என்பதை ஆல்டர்னேட்டரிலிருந்து அறியும்படி ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் எஞ்சின் ஓடிய பிறகும் செல்ப் சுற்றிப் பல் தேயும். பானெட்டைத் திறந்ததும் ரிமோட் செயலிழக்கும் சுவிட்சும் வேண்டும். ஃபேன் பெல்ட்டில் கை வைத்திருக்கும் மெக்கானிக்குக்குப் பட்டன் யார் கையில் என்று தெரியாது. ராத்திரி பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பவர் என்றால், ரிமோட் வாங்கும் செலவே மிச்சம். காலையில் அது வேலை செய்யாது.