சீறும் கார் வேண்டும் என்றான் தம்பி!

திண்டிவனத்தில் என் சித்தி வீடு. சித்தியின் பிள்ளைக்கு வயது இருபத்தெட்டு. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம். ஆறு வருஷமாகக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, "அண்ணா, கார் வாங்கப் போகிறேன்" என்றான்.

"பேஷ்! என்ன கார்?"

"ஸ்போர்ட்ஸ் கார். பழையதுதான்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சித்தியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"கேட்டாயா சேதியை? இவன் சேர்த்தது மூன்று லட்சம். நான் சீட்டு எடுத்து வைத்திருப்பது இரண்டு லட்சம். மொத்தத்தையும் சீறுகிற காரில் போடுகிறானாம்!"

தம்பி தலை நிமிரவில்லை. சித்தியே மேலும் சொன்னாள்: "போடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. மயிலம் முருகன் சந்நிதியில் பூஜை போட்டு, என்னை அதில் ஏற்றி, வழியில் எங்கும் நிற்காமல் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்க வேண்டும். ஒரு நாள் இல்லை. எந்த நாள் கேட்டாலும்!"

இதைவிடக் கடுமையான நிபந்தனையை எந்தக் கார்க் கம்பெனிக்கும் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கோ காரில் பின் ஸீட்டில் உட்காரத்தான் தெரியும். ஆனால் விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் உண்டு. முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறார். அவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு நான்கு வாரம் நாங்கள் அலைந்த கதைதான் இது. முதல் கார் வாங்க நினைக்கும் வாசகர்கள் எவருக்கும் இது பயன்படும்.

எது ஸ்போர்ட்ஸ் கார்?

இரண்டே கதவு, தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு, திறந்த கூரை: சினிமாவில் பார்க்கும் ஸ்போர்ட்ஸ் கார் அப்படித்தான் இருக்கும். கோவாவில் 'ஸான் ஸ்டார்ம்' என்று அப்படி ஒரு இருவர் கார் செய்து பார்த்தார்கள். அது ஊரெங்கும் ஓடும் வண்டியாகவில்லை. நம் நாட்டு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அர்த்தம் வேறு. வெளியே பார்த்தால் சாதாரண வீட்டுக் கார். உள்ளே மட்டும் பலமான எஞ்சின்.

இந்த ஆசைக்கு நம் பக்கத்தில் வயது அதிகம். 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது. சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. 1961 முதல் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுகளும் பந்தயக்காரர்களின் கையில் சிக்கி, பிறந்ததைவிட வேகமாக ஓடின. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதையே வந்துவிட்டது. 1999-ல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் புறப்பட்டபோது, அதன் 1.6 லிட்டர் எஞ்சினுக்காக ஏங்காத கல்லூரி மாணவன் குறைவு. வண்டலூரும் மறைமலை நகரும் திண்டிவனத்துச் சாலையிலேயே இருக்கும்போது, தம்பியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மூன்று பேர் போட்டி

தம்பி ஒரு பட்டியலை நீட்டினான். மூன்றும் 'டர்போ' வண்டிகள். டர்போ என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழல்கிறது. அது இன்னொரு சக்கரத்தைச் சுழற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. அடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதினால் தணல் எப்படிச் சிவக்கிறதோ, அப்படி!

முதலாவது, ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013-ல் வந்தது. 1.2 லிட்டர் எஞ்சின், 105 குதிரைச் சக்தி. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். அதற்காக இரண்டு கிளச். அன்று டெல்லி ஷோரூம் விலை 7.99 லட்சம்.

இரண்டாவது, ஃபியட் அபார்த் புன்டோ. 2015-ல் வந்தது. 1.4 லிட்டர், 145 குதிரைச் சக்தி. அன்று 9.95 லட்சம். தம்பி இந்தப் பெயரை உச்சரிக்கும்போதே குரல் தழுதழுத்தது.

மூன்றாவது, டாடா டியாகோ ஜே.டி.பி. 2018-ல் வந்தது. 1.2 லிட்டர், 114 குதிரைச் சக்தி, கையால் போடும் ஐந்து கியர். அன்று 6.39 லட்சம். இதில் நமக்குப் பெருமை ஒன்று உண்டு. சாதாரண டியாகோவை வாங்கி வேகமாக்கியது, டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து நடத்திய கூட்டுக் கம்பெனி.

மேஸ்திரி பட்டியலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, பழைய கார் வாங்கும்போது அதை ஓட்டினவன் காலையும் சேர்த்து வாங்குகிறோம். சாதாரணக் கார் என்றால் கால் சாதுவாக இருந்திருக்கும். இந்த மாதிரிக் காரை வாங்குகிறவன் மிதிக்கத்தானே வாங்குகிறான்? அதனால் எஞ்சினைப் பார்க்கும் முன் ஆளைப் பார்க்க வேண்டும். இன்னொன்று: ஐந்து லட்சம் இருந்தால் நாலு லட்சத்துக்குத்தான் கார். மிச்சம் ஒரு லட்சம் டயருக்கும், இன்ஷூரன்ஸுக்கும், முதல் வருஷத்துச் செலவுக்கும்."

புதுச்சேரியில் ஒரு கோடு

போலோ புதுச்சேரியில் இருந்தது. பி.ஒய். எண். விலை கேட்டதும் தம்பி துள்ளினான். இந்த வகைக்கு மற்ற இடத்தில் சொன்னதைவிடக் கணிசமாகக் குறைவு.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி நாற்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம்தான். ஆனால் மோட்டார் சட்டத்துக்கு அது வேறு பிரதேசம். அங்கே பதிவான காரை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்வதென்றால், அங்கிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று பெற வேண்டும். தமிழ்நாட்டு வரியைக் கட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்து எண்ணுக்கு மாற்ற வேண்டும். விலையில் மிச்சமானது போலத் தெரிவதில் ஒரு பகுதி வரியிலே கரைந்துவிடும். அந்தக் கணக்கையும் போட்டுக்கொண்டுதான் போனோம்.

வண்டி பளபளவென்று நின்றது. தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். மேஸ்திரி பெயிண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்து, ஸீட் பெல்ட்டைப் பிடித்து, இழுக்க முடிந்த மட்டும் முழுவதும் வெளியே இழுத்தார். சாதாரணமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில், குறுக்கே மங்கலான ஒரு சேற்றுக் கோடு! பிறகு கால் விரிப்பைத் தூக்கி முகர்ந்தார். ஸீட் அடியில் திருகாணிகளைத் தடவினார். விரலில் துரு.

எனக்குச் சட்டென்று புரிந்தது. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டமும் புதுச்சேரியும் தத்தளித்தன. மனிதர்கள் மாடிக்கு ஏறினார்கள். கார்களால் ஏற முடியவில்லை.

"தண்ணீரில் நின்ற வண்டியா, சார்?" என்று மேஸ்திரி மரியாதையாகக் கேட்டார். உரிமையாளர் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தாமதமே பதிலாக இருந்தது.

திரும்பும் வழியில் மேஸ்திரி விளக்கினார். சேற்றைக் கழுவிவிடலாம். ஆனால் இந்தக் காலத்துக் காரில் மின்சார மூளைகள் பல. இந்தக் காரின் கியர்ப் பெட்டிக்கே தனி மூளை. ஈரம் புகுந்த இணைப்புகள் இன்றைக்கு வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து நடு ரோட்டில் கை விரிக்கும்.

விட மனமில்லாத கார்

அபார்த் சென்னையில் இருந்தது. காரின் சொந்தக்காரர் நல்ல மனிதர். ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். அவர் முன்கூட்டி எஞ்சினைச் சூடாக்கி வைக்கவில்லை என்பதில் மேஸ்திரிக்குப் பரம திருப்தி. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். கிளப்பியவுடன் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. இதில் எதுவுமே வரவில்லை.

தம்பி ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வண்டலூரைத் தாண்டி அவன் ஒரே ஒரு முறை அழுத்தியபோது, என் முதுகு ஸீட்டோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை முடிந்த பிள்ளையின் முகம்.

இறங்கியதும் மேஸ்திரி சொன்னார்: "வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஃபியட் கார்கள் இங்கே நின்றுபோய் வருஷங்கள் ஆகின்றன. இந்த வண்டிக்கென்றே உள்ள சாமான் ஒன்று உடைந்தால், பல ஊருக்கு போன் போட்டுத் தேட வேண்டும். இரண்டு கார் வைத்திருப்பவர் தேடலாம். உனக்கு இருப்பது இது ஒன்றுதான். காரை விழுப்புரத்தில் நிறுத்திவிட்டு நீ மறுபடி கம்பெனி பஸ் ஏறுவாயா?"

தம்பி பதில் பேசவில்லை. தெரு முனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். உண்மையைச் சொன்னால், நானும்தான்.

டி.என்.32

மூன்றாவது கார் விழுப்புரத்திலேயே இருந்தது. 2019-ல் பதிவானது. இரண்டாவது குழந்தை பிறந்ததால் பெரிய வண்டி தேடும் ஒருவருடையது. தம்பிக்கு முதல் பார்வையிலேயே ஏமாற்றம். "எங்கள் தெருவிலேயே நாலு டியாகோ நிற்கிறது, அண்ணா!"

"அதுதான் உன் பலம்" என்றார் மேஸ்திரி. "பம்பர், பானெட் மாதிரி சில சாமான்கள் மட்டும் இந்த வண்டிக்கென்று தனி. அவை கிடைப்பது சிரமம்தான், மறைக்கவில்லை. மற்றபடி அந்த நாலு காருக்குக் கிடைக்கிற சாமானில் பாதிக்கு மேல் இதற்கும் ஆகும்."

பரிசோதனை ஆரம்பமாயிற்று. டயரின் பக்கத்தில் நாலு எண்: 2219. அதாவது 2019-ல் 22-வது வாரம் செய்த டயர். ஓடிய தூரம் குறைவுதான். ஆனால் ரப்பருக்கு வயதாகிவிட்டது. நாலையும் மாற்ற வேண்டும். அதை விலையில் குறைத்தோம். கண்ணாடிகளில் அச்சிட்ட வருஷம் எல்லாம் ஒன்றாக இருந்தது. எதுவும் உடைந்து மாற்றியதில்லை. மீட்டர் காட்டிய தூரமும், சர்வீஸ் கணக்கில் இருந்த தூரமும் ஒத்துப்போயின. எஞ்சின் மூளையில் கணக்கை மாற்றிக் கூடுதல் சக்தி ஏற்றியிருக்கிறார்களா என்றும் கருவி வைத்துப் பார்த்தார். இல்லை. ஸீட் பெல்ட்டை இழுத்தார், கோடும் இல்லை.

பைபாஸில் தம்பி ஓட்டிவிட்டு வந்தான். "எப்படி?" என்றேன். "அபார்த் இல்லை" என்றான். சற்றுப் பொறுத்து, "ஆனால் இதில் கியரை நான்தான் போடுகிறேன். சின்ன வண்டி, சொன்ன இடத்துக்குத் திரும்புகிறது" என்றான்.

கையெழுத்துக்கு முன்

ஆர்.சி. புத்தகத்தில் ஒரு சிக்கல். கடன் கட்டி முடித்தும், பாங்க் பெயர் அதில் நீங்கவில்லை. பாங்கின் சான்றோடு 35-ம் எண் படிவம் கொடுத்து அதை நீக்கிய பிறகுதான் முழுப் பணம் என்று சொல்லிவிட்டோம். இரண்டு வாரம் காத்திருந்தோம். விற்பவர் 29-ம் எண் படிவத்திலும், வாங்குபவர் 30-ம் எண் படிவத்திலும் கையெழுத்திட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்றவும் வாங்குபவருக்கு 14 நாள்தான். பழைய சொந்தக்காரர் விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த தள்ளுபடி அவரோடு போய்விடும், பிரீமியம் கூடும்.

"அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று விடுவது விற்பவருக்குத்தான் அதிக ஆபத்து. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதைச் சொன்னதும், கார் விற்றவர் எங்களைவிட அவசரமாக அலுவலகத்துக்கு ஓடி வந்தார்!

பதிவின் ஆயுளையும் பார்த்தோம். சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். இந்தக் காருக்கு 2034 வரை கவலையில்லை. அதன் பிறகு சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மயிலத்தில் பூஜை. மாலை போட்டு, சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. சித்தி முன் ஸீட்டில் ஏறினாள். கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலை சேர்ந்ததும் பஸ்கள் எங்களைத் தாண்டிப் போயின. லாரி ஒன்றும் தாண்டிப் போயிற்று.

சித்தி பொறுத்துப் பார்த்தாள். "ஏன்டா, சீறும் கார் என்றாயே? சீறக் காணோமே?"

"நீ இறங்கின பிறகு சீறும், அம்மா."

"அப்படியானால் நான் இறங்கப் போவதில்லை" என்றாள் சித்தி.