அவசரப்பட்டுத் தூக்காதீர்கள்!

பெங்களூருவில் ஒரு புதுக் கட்டடம். வேலை நடக்கிறது. சாரத்தின் மேல் நின்று ஒருவர் சுவர் பூசுகிறார். கால் வழுக்குகிறது. கீழே விழுகிறார். மல்லாந்து கிடக்கிறார்.

எல்லோரும் ஓடி வருகிறார்கள்.

"அண்ணே, நீங்க கையைப் பிடிங்க. நான் காலைப் பிடிக்கிறேன். ஆட்டோவில் ஏத்திடுவோம்" என்கிறார் ஒருவர்.

"முதல்ல உட்கார வைங்க. தண்ணி கொடுங்க" என்கிறார் இன்னொருவர்.

இருவரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டுமே ஆபத்து. ஏன்?

முதுகெலும்புக்குள் என்ன இருக்கிறது?

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சிறு சிறு எலும்புகளின் அடுக்கு. கழுத்தில் மட்டும் 7 எலும்புகள் உள்ளன. இந்த அடுக்கின் உள்ளே தண்டுவடம் ஓடுகிறது. அது சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். மூளையின் கட்டளை அதன் வழியாகத்தான் கை கால்களுக்குப் போகிறது.

விழுந்தவருக்கு எலும்பு உடைந்திருக்கலாம். ஆனால் தண்டுவடம் தப்பியிருக்கலாம். கையையும் காலையும் பிடித்துத் தூக்கினால் முதுகு வளையும். தலை தொங்கும். உடைந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கிவிடும். கை எலும்பு உடைந்தால் கூடிவிடும். தண்டுவடம் அறுந்தால் கூடாது.

தண்டுவடத்தில் அடிபட்டால் என்ன ஆகும்? தென்காசி பக்கம் ஆய்க்குடியைச் சேர்ந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் படித்த மாணவர். 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூரு வந்தார். தடை தாண்டும் சோதனையில் விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயல் இழந்தது. அவர் மனம் தளரவில்லை. 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆனாலும் அந்த ஒரு நொடியில் போன அசைவு திரும்பவில்லை.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

உயரத்திலிருந்து விழுந்தவர், வண்டி மோதியவர், கிணற்றில் தலைகீழாகக் குதித்து அடிபட்டவர் ஆகியோருக்கு முதுகெலும்பில் காயம் இருக்கலாம்.

கழுத்து அல்லது முதுகு வலிக்கும். கை கால் மரத்துப் போகும். அசைக்க முடியாது. தெரியாமலே சிறுநீர் போகும். நினைவில்லாமல் கிடந்தால், காயம் இருப்பதாகவே எண்ண வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

உடனே 108க்குப் போன் செய்யுங்கள். கர்நாடகத்தில் 2008 முதல் இந்த ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 112க்கும் பேசலாம்.

"அசையாதீங்க, ஆம்புலன்ஸ் வருது" என்று அவரிடம் சொல்லுங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையை இரு கைகளாலும் ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம். மூச்சுக்குத் தடை இல்லையென்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

மூச்சு நின்றுவிட்டால் உயிர்தான் முதலில். 108இல் பேசுபவர் சொல்கிறபடி மார்பின் நடுவில் அழுத்துங்கள்.

நகர்த்தியே ஆக வேண்டும் என்றால்?

தீ பிடித்தால், சுவர் சரிந்தால், ஆம்புலன்ஸ் வரவே வழியில்லை என்றால் நகர்த்தத்தான் வேண்டும். அதற்கு 5 பேர் வேண்டும். ஆள் நீளத்துக்கு ஒரு பலகை வேண்டும். கழற்றிய கதவும் உதவும்.

1. ஒருவர் தலையைப் பிடிக்க வேண்டும். அவர் சொல்வதைத்தான் மற்றவர்கள் கேட்க வேண்டும்.

2. மூன்று பேர் ஒரே பக்கம் மண்டியிட வேண்டும். ஒருவர் தோளையும், ஒருவர் இடுப்பையும், ஒருவர் முழங்காலையும் பிடிக்க வேண்டும்.

3. தலையைப் பிடித்தவர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்வார். எல்லோரும் ஒரே சமயத்தில் தங்கள் பக்கம் புரட்ட வேண்டும். மரக்கட்டை புரள்வது போல உடல் நேராகப் புரள வேண்டும்.

4. ஐந்தாவது ஆள் பலகையை முதுகை ஒட்டி வைக்க வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து மெல்லப் பலகை மேல் கிடத்த வேண்டும்.

5. தலைக்கு இரு பக்கமும் துணிச் சுருள் வையுங்கள். மார்பு, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் துண்டாலோ புடவையாலோ பலகையோடு கட்டுங்கள். கடைசியாக நெற்றியில் கட்டுங்கள். மூச்சு விட இடம் இருக்க வேண்டும்.

வாந்தி எடுத்தால் தலையை மட்டும் திருப்பாதீர்கள். உடல் முழுவதையும் சேர்த்து ஒரு பக்கமாகச் சாயுங்கள்.

பெங்களூருவில் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. தலைக் காயத்துக்கும் தண்டுவடக் காயத்துக்கும் அங்கே சிகிச்சை உண்டு.

போலீசுக்குப் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். சாலை விபத்தில் உதவுபவரைத் தொல்லை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் கூறியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இது சேர்ந்தது. பெயரைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

நினைவில் வைப்போம்

தூக்காதே. உட்கார வைக்காதே. தலையைப் பிடி. 108ஐக் கூப்பிடு.

பேசிப் பார்ப்போம்

நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஆள் நீளப் பலகை எங்கே இருக்கிறது? யார் யார் பிடிக்க வருவார்கள்? ஐந்து பேர் சேர்ந்து இன்றே ஒரு முறை பழகிப் பாருங்கள்.