ஜீன்ஸை வெளுக்க வைத்தது யார்?

"கிழிஞ்ச ஜீன்ஸைக் காசு குடுத்தோ வாங்கினனீ?" லோறென்ஸ்கூக்கில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கிற தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வி ஒருநாளாவது எழுந்திருக்கும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாங்கள் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த ஜீன்ஸை வெளுக்க வைத்தது யார்?

தறியிலிருந்து வரும் டெனிம் துணி கடும் நீலம், நல்ல விறைப்பு. சாயம் நூலின் மேற்பக்கத்தில் மட்டும் படிந்திருக்கும், உள்ளே வெள்ளைதான். அதனால்தான் உரசுகிற இடமெல்லாம் வெளுக்கிறது. வாங்கும்போதே பழசாகத் தெரியவேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலைகளில் கற்களோடு சேர்த்துக் கழுவுகிறார்கள், இரசாயனம் போடுகிறார்கள். மணலை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதும் ஒரு முறை. அந்தத் தூசியைச் சுவாசித்த துருக்கித் தொழிலாளர்கள் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து இறந்தார்கள். 2009இல்தான் அந்த நாடு அதைத் தடைசெய்தது.

இதற்கு மாற்று 'றோ டெனிம்'. கழுவாத, வெளுக்காத துணியிலேயே தைத்து விற்பார்கள். போட்டுப் போட்டு அதைப் பழசாக்குவது எங்கட வேலை. துரொண்ட்ஹெய்மில் தொடங்கிய லிவிட் இந்த வழியில் வந்த சிறிய நிறுவனம். சுவீடனின் கோத்தன்பேர்க்கில் 2001இல் தொடங்கிய நூடி, தான் விற்ற ஜீன்ஸ் கிழிந்தால் இலவசமாகத் தைத்துக் கொடுக்கிறது.

இவர்களையும் தாண்டிப் போனது டெல்லியின் 'இலெவன் இலெவன்'. ஷனி ஹிமான்ஷு, மியா மொரிகாவா இருவரும் 2009இல் தொடங்கிய நிறுவனம் இது. அவர்கள் செய்தது கதர் டெனிம். கையால் நூற்ற பருத்தி, கைத்தறி நெசவு, செடியிலிருந்து எடுத்த நீலம். நூல் தடித்தும் மெலிந்தும் வரும், மில் துணிபோல ஒரே சீராக இராது. விலையும் கூட, எல்லாராலும் வாங்கேலாது. ஆனாலும் இப்படியும் ஒரு ஜீன்ஸ் செய்யலாம் என்று காட்டிவிட்டார்கள்.

அந்த நீலம் எங்களுக்குப் புதிசில்லை. அவுரி இலையை ஊறவைத்து எடுப்பது அது. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிரிடுகிறார்கள். நீலம் தோய்த்த 'கினே' துணி புதுச்சேரியிலிருந்து செனகல்வரை போய், அங்கே பிசின் வாங்கக் காசுபோலப் பயன்பட்டது. 1897இல் ஜேர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கியபின் அவுரி வயல்கள் சுருங்கின.

இன்று எங்கட ஆக்கள் இந்தத் தொழிலில் நிற்பது தையல் மெசினுக்கு முன்னால். போர் முடிந்தபின் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. வன்னிப் பெண்கள் பலருக்கு அங்கேதான் வேலை. திரியாடனில் எடுத்துப் பார்க்கிற உடுப்பில் 'மேட் இன் சிறிலங்கா' என்று கண்டால் எங்களுக்கு ஒரு சந்தோசம் வரும். தைத்தவளுக்கு என்ன சம்பளம் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

கேட்க இங்கே சட்டம் இருக்கிறது. 2022 யூலை 1 முதல் நடைமுறையில் உள்ள வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, பெரிய நிறுவனங்களிடம் தங்கள் பொருட்களைச் செய்பவர்களின் மனித உரிமை, வேலை நிலைமை பற்றி எவரும் எழுத்தில் கேட்கலாம். வழமையாக மூன்று வாரத்துக்குள் அவர்கள் பதில் தரவேண்டும். நோர்வேஜிய மொழியில் தடங்கலில்லாமல் எழுதக்கூடிய பிள்ளைகள் வீட்டில் இருக்கினம். அடுத்த ஜீன்ஸ் வாங்கமுதல் அந்தக் கடைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கோ. பதில் வந்தால் அதை அம்மம்மாவுக்கும் தமிழில் சொல்லிக் காட்டட்டும்.