விபத்து என்று பதிவாகும் கொலைகள்

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணுடன் கொண்ட காதலே காரணம் என்று வழக்குப் பதிவாகி, விசாரணை நடந்து வருகிறது. அதற்கு ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று, 'தடக் 2' என்ற ஹிந்தித் திரைப்படம் நாடெங்கும் வெளியானது. மாரி செல்வராஜின் முதல் படமான 'பரியேறும் பெருமா'ளின் மறுஆக்கம் அது. மூலக்கதை நிகழ்வது எங்கள் திருநெல்வேலியில். கதை பிறந்த ஊரில் ஒரு கொலை நடந்த அதே வாரத்தில் அந்தக் கதை வேறு மொழி பேசித் திரைக்கு வந்தது தற்செயல்தான். ஆயினும் அந்தத் தற்செயல், 2018-இல் நான் பார்த்த படத்தையும் அன்று அதைப் பற்றிப் பேசப்பட்டவற்றையும் மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்தது.

2018 செப்டம்பர் 28 அன்று 'பரியேறும் பெருமாள்' வெளியானபோது அதன் இயக்குநர் திரையுலகுக்குப் புதியவர். தாமிரபரணியின் கடைமடைப் பகுதியிலுள்ள புளியங்குளத்தில் பிறந்து, இயக்குநர் ராமிடம் உதவியாளராக இருந்து, சிறுகதைகளும் தொடர்களும் எழுதியவர். படத்துக்கு வரவேற்பு பெரிதாக இருந்தது. கோவா சர்வதேசத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பிரிவுக்கும் அது தேர்வானது. விமர்சனங்கள் எவற்றைப் பற்றி எழுதின என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்லப்படும் கறுப்பி என்ற நாய், தந்தையாக நடித்த நெல்லை நாட்டுப்புறக் கலைஞர் வண்ணார்பேட்டை தங்கராசு, இறுதிக் காட்சியில் இரண்டு தேநீர்க் குவளைகளுக்கு நடுவே கிடக்கும் மல்லிகைப் பூ ஆகியவற்றைப் பற்றித்தான். நாயகன் இவ்வளவு பொறுமையாக இருக்க வேண்டுமா என்று ஒரு சாராரும், சாதியை ஏன் கிளறுகிறார்கள் என்று இன்னொரு சாராரும் வாதிட்டனர். பொறுமை பற்றிய விவாதம் மட்டும் ஒரு மாதம் ஓடியிருக்கும்.

படத்தில் ஒரு முதியவர் வருகிறார். கராத்தே வெங்கடேசன் நடித்த பாத்திரம். சாதி கடந்து காதலிக்கும் இளையவர்களை ஒவ்வொருவராகக் கொல்வதே அவருடைய வேலை. பேருந்துப் படிக்கட்டிலிருந்து தள்ளுவது, நீரில் அமிழ்த்துவது, தண்டவாளத்தில் கிடத்துவது என ஒவ்வொன்றையும் விபத்தாகவோ தற்கொலையாகவோ தோன்றும்படி செய்கிறார். நான் படித்த விமர்சனங்களில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு வரி; 'மிரட்டியிருக்கிறார்' என்ற பாராட்டு.

அதற்கு அடுத்த வாரம், அக்டோபர் 5 அன்று, ராம்குமார் இயக்கிய 'ராட்சசன்' வெளிவந்தது. மருமகனின் வற்புறுத்தலால் அதையும் பார்த்தேன். பள்ளிச் சிறுமிகளைத் தொடர்ந்து கொல்லும் ஒருவரைக் காவல் உதவி ஆய்வாளர் தேடிப் பிடிக்கும் கதை. தமிழின் மிகச் சிறந்த குற்றப் பரபரப்புப் படம் என்று எங்கும் பேச்சு. அந்தப் பாராட்டில் எனக்கு மாறுபாடு இல்லை. எனக்கு விளங்காமல் போனது வேறொன்று. இரண்டு படங்களிலும் தொடர் கொலையாளி இருக்கிறார். ஒன்றைக் குற்றப்படம் என்றோம். மற்றொன்றைச் சமூகப்படம் என்றோம். ஏன்?

'ராட்சச'னில் கொலையாளி நோயாலும் சிறுவயது அவமானத்தாலும் மனம் திரிந்த தனியர். அவர் தடயம் வைக்கிறார். பரிசுப் பெட்டிக்குள் சிதைந்த பொம்மைத் தலையை விட்டுச் செல்கிறார். கொலை நடந்திருக்கிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. செய்தவர் யார் என்பதே கேள்வி. குற்றக் கதை எழுதும் ஆசிரியர்கள் பலரும் பின்பற்றும் இலக்கணம் இது. 'பரியேறும் பெருமா'ளில் நிலைமை தலைகீழ். கொலை செய்பவர் எல்லோர் கண்ணெதிரிலும் நடமாடுகிறார். அவரை ஏவுபவர்களுக்கு அவரைத் தெரியும். கொலை நடந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. எனவே அவரைத் தேடும் காவலரும் படத்தில் இல்லை. தேடல் இல்லாததால் நாமும் அதைக் குற்றப்படம் என்று எண்ணவில்லை போலும்.

பொருளியல் கற்பித்தவனுக்கு இங்கே ஒரு பெயர் நினைவுக்கு வருவது இயல்பு. 1992-இல் நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர், 1968-இல் எழுதிய கட்டுரையில் குற்றத்தை ஒரு கணக்காகப் பார்த்தார். குற்றம் செய்ய எண்ணுபவர் அதில் கிடைக்கும் ஆதாயத்தை ஒரு தட்டிலும், அகப்படும் வாய்ப்பையும் தண்டனையின் கடுமையையும் பெருக்கி வரும் தொகையை மறு தட்டிலும் வைத்து நிறுக்கிறார் என்பது அவர் வாதம். வகுப்பில் இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஆனால் பெக்கரின் கணக்கில் சொல்லாமல் கொள்ளப்பட்ட ஓர் அனுமானம் உண்டு: குற்றம் குற்றமாகப் பதிவாகிவிடும் என்பது. அது விபத்து என்று எழுதப்பட்டுவிட்டால் அகப்படும் வாய்ப்பு சுழியம். சுழியத்தை ஆயுள் தண்டனையால் பெருக்கினாலும் தூக்குத் தண்டனையால் பெருக்கினாலும் விடை ஒன்றே. தண்டனையைக் கடுமையாக்கக் கோரும் குரல்கள் இந்த எளிய பெருக்கலைக் கவனிப்பதில்லை.

ஆதாயத் தட்டிலும் பெக்கருக்கு இங்கே இடமில்லை. அந்த முதியவர் கூலிக்குக் கொல்பவர் அல்லர். சாதியின் மானத்துக்குச் செய்யும் தொண்டாகவே தம் செயலைக் கருதுகிறார். பணம் கைமாறாத இடத்தில் பணத்தின் தடயமும் இராது. இதை விளங்கிக்கொள்ள இன்னொரு பொருளியலாளரிடம் போக வேண்டும். 1916-இல், தமது 25-ஆம் வயதில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் படித்த கட்டுரையில் அம்பேத்கர், சாதியைச் சாதியாக நிறுத்தி வைப்பது அகமணம் என்று காட்டினார். தன் எல்லைக்குள்ளேயே மணம் முடிக்கும் குழு, அந்த எல்லையைக் காக்க இடைவிடாமல் ஏதேனும் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். படத்தின் முதியவர் அந்த எல்லைக்குக் காவலாள்.

இது திரைக்கதைக்கான கற்பனை என்று சொல்வோர் 2015 ஜூன் மாதத்தை நினைவுகூர வேண்டும். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி ஒருவர் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டான நிலையில் கிடந்தார். முதலில் அது தற்கொலை என்றே தோன்றியது. முந்தைய நாள் திருச்செங்கோடு மலைக்கோயிலில் பதிவான கண்காணிப்புக் கேமராக் காட்சிகள் வழக்கின் போக்கை மாற்றின. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தக் கேமரா அன்று பழுதாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எண்ணிக்கை என்பது எவ்வளவு நம்பத்தகாதது என்பதற்கு அரசின் ஏடே சான்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2014-இல்தான் கொலைக்கான காரணங்களில் 'கௌரவக் கொலை' என்பதைத் தனியே எண்ணத் தொடங்கியது. அந்த ஆண்டு நாடு முழுவதற்கும் 28. அடுத்த ஆண்டு 251. அதற்கடுத்த ஆண்டு மீண்டும் நூறுக்குக் கீழே. ஒரே ஆண்டில் கொலைகள் ஒன்பது மடங்கு பெருகி மறு ஆண்டே சுருங்கியிருக்க வாய்ப்பில்லை. எழுதும் கை மாறியிருக்கிறது, அவ்வளவே. விலைவாசிக் குறியீட்டில் இப்படி ஓர் ஏற்ற இறக்கம் வந்திருந்தால் நாடாளுமன்றத்தில் நாள் முழுதும் விவாதித்திருப்பார்கள். அதிலும் இந்த எண்கள், கொலை என்று பதிவானவற்றுக்குள் எடுக்கப்பட்டவை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில், இன்றைய புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவில், இயற்கைக்கு மாறான மரணம் என்று பதிவாகி அத்துடன் முடிந்துபோகும் கோப்புகள் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

சாவின் காரணம் எப்படி எழுதப்படுகிறது என்ற கேள்வி தாமிரபரணிக் கரைக்குப் புதிதன்று. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் சென்றவர்கள் மீது கொக்கிரகுளத்தில் காவல் துறையினர் தடியடி நடத்தினர். ஆற்றுக்குள் ஓடியவர்களில் ஒரு கைக்குழந்தை உள்பட 17 பேர் இறந்தனர். விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம், பெரும்பாலானோர் நீரில் மூழ்கி இறந்ததாகக் கூறியது. காவல் துறையின் நடவடிக்கையில் அது தவறு காணவில்லை. நீரில் மூழ்கியது மருத்துவ உண்மையாகவே இருக்கலாம். நீருக்குள் அவர்களைத் துரத்தியது எது என்பது பிரேதப் பரிசோதனை அறிக்கையில் வராது. மாரி செல்வராஜின் சிறுகதைத் தொகுப்பின் பெயர் 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்'. வெளியூர் வாசகர்களுக்கு அது கவித்துவமான தலைப்பு. கொக்கிரகுளம் பாலத்தைத் தினமும் கடப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது.

இனி என் தரப்பிலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். இரண்டாமாண்டுப் பொருளியல் வகுப்பில் ஆற்றோரக் கிராமத்து மாணவர் ஒருவர், ஊர் வாய்க்காலில் குளிக்கப் போன இடத்தில் மூழ்கி இறந்தார் என்று செய்தி வந்தது. ஆசிரியர்கள் நால்வர் துக்கம் விசாரிக்கச் சென்றோம். திண்ணையில் அமர்ந்திருந்த தந்தை வெகுநேரம் பேசவில்லை. நாங்கள் எழுந்தபோது, 'தண்ணிக்குள்ளயே வளந்த பய, சார்' என்று மட்டும் சொன்னார். அதை ஒரு தந்தையின் புலம்பல் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த மாணவர் வகுப்பில் எந்தப் பெண்ணிடம் புத்தகம் கேட்டு வாங்குவார் என்பது மாணவர்களுக்குத் தெரிந்திருந்தது; எனக்கும் ஓரளவு தெரியும். உண்மையில் அது விபத்தாகவே இருந்திருக்கலாம். ஆனால் நான் எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. இரங்கல் தீர்மானத்தில் 'எதிர்பாராத விபத்து' என்று எழுதியது என் கை. 2018-இல் திரையரங்கில் அந்த முதியவர் ஒரு பையனை நீருக்குள் அமிழ்த்தும் காட்சியில் எனக்கு நினைவு வந்தது அந்தத் திண்ணைதான். படம் முடிந்து வெளியே வந்தவர்களில் என் வயதுக்காரர்கள் பலர் அன்று பேசாமல் நடந்ததைக் கண்டேன். அவரவருக்கு என்ன நினைவு வந்ததோ.

'தடக் 2' வடக்கே களம் மாறிப் போனாலும் அந்தக் கொலையாளியை விட்டுவிடவில்லை. சௌரப் சச்தேவா நடித்திருக்கிறார். ஆங்கில ஏடுகளின் விமர்சனங்கள் சில அந்தப் பாத்திரத்தை விரிவாகவே பேசின. தூரத்தில் இருப்பவர்களுக்குச் சில நேரம் பார்வை துலக்கமாக இருக்கிறது.

கே.டி.சி. நகர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அன்றே சரணடைந்தார். எனவே அது கொலையாகப் பதிவானது, செய்தியானது, மாநிலமே பேசியது. அதன் தொடர்ச்சியாக, ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றப் பரிந்துரைகள் வழங்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதே. எத்தனை ஆண்டு தண்டனை, எந்தப் பிரிவு, பிணை உண்டா இல்லையா என்றுதான் ஆணையத்தின் முன் வாதங்கள் வரும் என எதிர்பார்க்கிறேன். அவை அனைத்தும் கொலை என்று தெரிந்த கொலைகளுக்கு உரியவை. அந்த முதியவர் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியேதான் இருப்பார்.

இயற்கைக்கு மாறான மரணம் பற்றிய காவல் துறை அறிக்கைகள் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகங்களுக்குச் சென்றாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே கோப்புகள் எங்கோ அடுக்குகளில் இருக்கின்றன. ஆணையம் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேரை அமர்த்திக் கடந்த பத்தாண்டுக் கோப்புகளைப் படிக்கச் சொன்னால், முதல் வேலையாக, நீர்நிலைகளிலும் தண்டவாளங்களிலும் இறந்தவர்களில் 18 முதல் 30 வயது வரையிலானவர்களின் கோப்புகளைத் தனியே எடுத்து வைப்பேன். அவற்றில் பெற்றோரின் வாக்குமூலம் எத்தனை வரி இருக்கிறது என்று பார்ப்பேன்.