எவர்க்கு உரியோம்?

திருச்சிற்றம்பலம்



தொண்டைநாட்டுத் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பர். இரவில் கூத்து ஆடுவர். கர்ண மோட்சம் ஆடப்பெறும் இரவில் மற்ற இரவுகளைவிடக் கூட்டம் மிகும். பாண்டவர் வெல்ல வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு வந்த அதே மக்கள், கர்ணன் தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வர். கர்ணனுடைய கொடைதான் இதற்குக் காரணம் என்று பலரும் சொல்வர். அடியேனுக்கு வேறொன்றும் தோன்றுகிறது. தான் எவர்க்கு உரியவன் என்று அறியாமல் வாழ்நாளெல்லாம் அலைந்த ஒருவனை நாம் அங்கே காண்கின்றோம். அந்த அலைச்சல் நம்முள்ளும் இருக்கின்றது.

சென்ற ஆண்டு ஒரு திருவிழாவில் கர்ணனைக் குறித்துப் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். கூட்டம் கலையும்வரை காத்திருந்த ஓர் இளைஞர் அருகே வந்தார். பெற்றவர் இன்னார் என்று அறியாதவர். வேறொரு பெரியவர் எடுத்து வளர்த்த பிள்ளை. அவருக்குத் திருமணம் பேசியபோது, பெண்வீட்டார் குலமும் கோத்திரமும் கேட்டிருக்கின்றனர். வளர்த்தவர் விடை சொல்ல மாட்டாமல் தலைகுனிந்தாராம். பேச்சு அத்துடன் நின்றுவிட்டது. "ஐயா, கர்ணனுக்காவது துரியோதனன் ஒரு நாட்டைக் கொடுத்தான். எனக்கு யார் என்ன கொடுப்பார்?" என்று கேட்டார். அன்றிரவு அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகின்றேன்.

முதலில் அத்தினாபுரத்து அரங்கத்திற்குச் செல்வோம். துரோணர் தம் மாணாக்கரின் வித்தைகளை அரசர்க்கும் நகரமாந்தர்க்கும் காட்டுகின்றார். அருச்சுனன் வில்வித்தை காட்டி முடிக்கும் வேளையில், உடன்பிறந்த கவசமும் குண்டலமும் ஒளிர ஓர் இளைஞன் உள்ளே வருகின்றான். அருச்சுனன் செய்த அனைத்தையும் தானும் செய்து காட்டுகின்றான், தனிப்போருக்கும் அழைக்கின்றான். அப்போது தனிப்போரின் நெறியறிந்த கிருபர் எழுந்து, "இவன் குந்தியின் புதல்வன், குருகுலத்தவன்; நீ எந்தக் குலத்தவன்? உன் தாய் யார்? தந்தை யார்?" என்ற பொருள்படக் கேட்டார். அதுவரை நிமிர்ந்திருந்த தலை கவிழ்ந்தது. வில்லுக்கு விடை சொல்லத் தெரிந்தவனுக்கு இவ்வினாவுக்கு விடை தெரியவில்லை. விடை தெரிந்தவள் மேலே மகளிர் வரிசையில் மயங்கி விழுந்தாள். விதுரர் நறுநீர் தெளித்து அவளைத் தெளிவித்தார். தெளிந்த பின்னும் அவள் வாய் திறக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. வினாவைக் கேட்ட கிருபர் யார்? காட்டில் நாணற்புதரிடையே தங்கையோடு கிடந்த குழந்தை அவர். சந்தனு மன்னன் கிருபையால் எடுத்து வளர்த்தமையால் கிருபர் என்று பெயர் பெற்றார். எடுத்து வளர்க்கப்பெற்ற ஒருவரே எடுத்து வளர்க்கப்பெற்ற மற்றொருவனை, "உன் தந்தை யார்?" என்று சபை நடுவே கேட்கின்றார்! சபை என்பது அத்தகையது. அங்கே ஓர் இருக்கை கிடைத்துவிட்டால், தான் வந்த வழி பலருக்கு மறந்துபோகும்.

துரியோதனன் எழுந்தான். அங்கநாட்டைக் கொடுத்தான், அங்கேயே பொன் இருக்கையில் அமர்த்தி முடியும் சூட்டினான். "இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?" என்று கர்ணன் கேட்க, "உன் நட்பு ஒன்றே போதும்" என்றான். கேட்பதற்கு மிக இனிய சொல். ஆயினும் அருச்சுனனுக்கு எதிராக நிறுத்த ஒரு வில்லாளி கிடைத்தான் என்ற மகிழ்ச்சியே துரியோதனன் உள்ளத்தில் இருந்தது. அவன் கொடுத்த நாடு ஈகை அன்று, அச்சாரம். அச்சாரம் வாங்கியவன் பொருளைக் கொடுத்தே தீர வேண்டும். கர்ணன் கொடுக்க வேண்டியிருந்த பொருள் அவனுடைய உயிர்.

முடிசூட்டு நீர் தலையில் ஈரமாக இருக்கும்போதே, தளர்ந்த உடலும் நழுவும் மேலாடையுமாக ஒரு கிழவர் கோல் ஊன்றி அரங்கினுள் வந்தார். அவர் அதிரதன் என்னும் தேரோட்டி. கங்கை கொண்டுவந்த பேழையிலிருந்து குழந்தையை எடுத்து, மனைவி இராதையின் கையில் கொடுத்தவர். அவரைக் கண்டவுடன் கர்ணன் வில்லைக் கீழே வைத்தான். அபிடேகம் செய்யப்பெற்ற ஈரத்தலை அவர் காலில் படும்படி வணங்கினான். கிழவர் தம் காலை ஆடையால் மறைத்துக்கொண்டு, "மகனே" என்று தழுவினார். அவர் கண்ணீரால் அத்தலை மீண்டும் நனைந்தது. வீமன் நகைத்தான், "உனக்கு ஏற்றது குதிரைச் சவுக்கே" என்றான்.

அடியேன் பலகாலம் கர்ணன் கதை சொல்லி வருகின்றேன். கவசகுண்டலங்களை அறுத்துக் கொடுத்த இடத்தைவிட இந்த இடமே என்னை உருக்குகின்றது. எந்தச் சபை அவனை இழிவு செய்ததோ அந்தச் சபையின் நடுவிலேயே, "இவரே என் தந்தை" என்று தன் வணக்கத்தால் விடை சொல்லிவிட்டான். கிருபர் வினாவுக்கு மெய்யான விடை அதுதான். அவ்விடையோடு அவன் அரங்கைவிட்டு வெளியேறியிருந்தால் வேறு கதை எழுதப்பட்டிருக்கும். ஆனால் தன் மதிப்பு அந்த வணக்கத்தில் இருப்பதாக அவன் நினைக்கவில்லை. தலையில் இருந்த முடியில் இருப்பதாக நினைத்துவிட்டான்.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பது நம் சித்தாந்தம். பளிங்கு தன் அருகில் உள்ள பூவின் நிறத்தைக் காட்டுவதுபோல், உயிர் எதனைப் பற்றுகின்றதோ அதுவாகி நிற்கும். துரியோதனனைச் சார்ந்த கர்ணன் என்ன ஆனான்? சூதாடிய சபையில் பாஞ்சாலி நியாயம் கேட்டு நின்றபோது, அவளுக்காகப் பேசிய விகர்ணனை அதட்டி அடக்கியவன் இவனே. அவள் ஆடையைக் களையச் சொன்னவனும் இவனே. ஒரு சபையில் கூசி நிற்பது எத்தகைய துன்பம் என்பதை அவனைவிட அறிந்தவர் அங்கே யார் இருந்தனர்? அறிந்தவனே அதனை மற்றொருவருக்குச் செய்தான். இதனை மறைத்துவிட்டுக் கர்ணனைப் புகழ்வது கதைக்கு நாம் செய்யும் நன்றி ஆகாது.

பின்னர்க் கண்ணபிரான் அவனைத் தனியே அழைத்துப் பிறப்பை உணர்த்தி, பாண்டவரில் மூத்தவனாக அரசு ஏற்குமாறு சொன்னபோது, கர்ணன் மறுத்தான். என்னைக் கண்ட அளவில் இராதைக்குப் பால் சுரந்தது. அதிரதன் எனக்குச் சடங்குகள் செய்து பெயரிட்டார். அவர்களை விட்டு வரமாட்டேன் என்றான். துரியோதனனுக்குப் பட்ட கடனையும் சொன்னான். கங்கைக் கரையில் குந்தி வந்து வேண்டியபோது, அருச்சுனனைத் தவிர மற்றவரைக் கொல்லேன், உனக்குப் பிள்ளைகள் ஐவர் என்ற கணக்குக் குறையாது என்று வாக்களித்தான். போர் முடிந்து, இறந்தவர்க்கெல்லாம் தருமன் நீர்க்கடன் செய்யும்போதுதான், "கர்ணனுக்கும் செய், அவன் உன் தமையன்" என்று குந்தி வாய் திறந்தாள். உரியவன் என்ற சொல் அவனுக்குக் கிடைத்தது; கேட்க அவன் இல்லை.

இனி மற்றொரு சபைக்கு வருவோம். இது நம் தமிழ்நாட்டில், திருவெண்ணெய்நல்லூரில் கூடிய சபை. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணமாக விரித்துரைப்பது. திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த நம்பியாரூரரும் பிறர் மனையில் வளர்ந்த பிள்ளையே. வீதியில் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையைக் கண்ட அரசர் நரசிங்கமுனையரையர், பெற்றோரிடம் வேண்டிப் பெற்று மகனாக வளர்த்தார். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை; குலம் உண்டு, கல்வி உண்டு, அரசச் செல்வம் உண்டு, அழகும் உண்டு. புத்தூரில் சடங்கவி சிவாசாரியார் மகளை மணம்பேசி, மணப்பந்தலில் வந்து அமர்ந்திருக்கின்றார்.

அங்கே முதிய அந்தணர் ஒருவர் வந்து, "இவன் எனக்கு அடிமை; இவன் பாட்டன் எழுதித் தந்த ஓலை என்னிடம் உள்ளது" என்றார். கர்ணனை நோக்கிச் சபை, "நீ எவர்க்கும் உரியவன் அல்லை" என்றது. நம்பியை நோக்கி முதியவர், "நீ எனக்கு உரியவன்" என்கின்றார். முன்னவன் நாணினான், பின்னவர் சினந்தார். பித்தனோ என்று இகழ்ந்தார். ஓடிச்சென்று ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலை, மூலவோலை முதியவரிடம் பத்திரமாக இருந்தது. வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஆவணத்தைக் காட்டினார் முதியவர். காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு பாட்டனார் கையெழுத்தை ஒப்பிட்டனர், ஒத்திருந்தது. "நம்பி தோற்றீர், ஏவல் செய்வதே கடன்" என்றனர் அவையோர். திருமணம் நின்றது. அவ்வூருக்கு மணந்தவிர்ந்தபுத்தூர் என்றே பெயர் நிலைத்தது.

முடிசூடியவன் தன்னை இழந்தான். அடிமை என்று தீர்ப்புப் பெற்றவர் தம்மைப் பெற்றார். எங்ஙனம்? "உம்முடைய வீடு எது?" என்று அவையோர் கேட்க, முதியவர் திருவருட்டுறைத் திருக்கோயிலுக்குள் புகுந்து மறைந்தார். விடைமேல் தோன்றிய பெருமான், நீ முன்னமே நமக்குத் தொண்டன் என்று உணர்த்தினார். இகழ்ந்து சொன்ன சொல்லையே முதலாக வைத்துப் பாடவும் பணித்தார். வன்மை பேசியமையால் வன்றொண்டன் என்ற பெயரும் தந்தார். பிள்ளை சினத்தில் சொன்ன சொல்லைப் பெற்றவர் சேமித்து வைப்பதுபோல் இருக்கின்றது இது.

இதனுள் உள்ள சாத்திரப் பொருளைச் சற்றே நோக்குவோம். பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி என்பது நம் சமயம். இறைவன் ஒருநாள் நம்மை விலைக்கு வாங்கவில்லை. நம் திறமை கண்டு பின்னர்த் தேர்ந்தெடுக்கவும் இல்லை. அவன் உடையவன், நாம் உடைமை. இத்தொடர்புக்குத் தொடக்கமே கிடையாது. பாட்டன் எழுதிய ஓலை என்று சேக்கிழார் காட்டுவது இந்தப் பழமையைத்தான் என்று என் ஆசிரியர் பாடம் சொல்வார். ஆணவம் காரணமாக நாம் அவ்வோலையைக் கிழிக்கலாம், கிழிபடுவது படியோலை. துரியோதனன் தந்த நாட்டிற்கு ஒரு தொடக்கம் இருந்தது. ஆகவே கைம்மாறும் இருந்தது. தொடக்கம் இல்லாத உரிமைக்குக் கைம்மாறு யார் கேட்பார்?

இத்துடன் வரலாறு நின்றுவிடவில்லை. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்க, அவர்களை வணங்காது நம்பி இறைவனை வழிபடச் சென்றார். அது கண்ட விறன்மிண்டர், வன்றொண்டனும் புறம்பு, அவனை ஆண்ட சிவனும் புறம்பு என்றார். என்ன துணிவு! ஆண்டவனுக்கு உரியவன் என்று அறிந்தவன், ஆண்டவனுக்கு உரிய மற்றவர்களை ஒதுக்கி நடக்க முடியாது என்பதே அக்கோபத்தின் பொருள். இறைவனே முதலடி எடுத்துக்கொடுக்க, நம்பி திருத்தொண்டத்தொகை பாடினார். தனியடியார் 60 பேரும் தொகையடியார் 9 கூட்டத்தாரும் அதில் போற்றப்படுகின்றனர். மன்னர், அந்தணர், வேடர், குயவர், வண்ணார், பரதவர், பாணர், புலையர் என எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். ஒவ்வொருவர்க்கும் தாம் அடியேன் என்கின்றார் அரச மாளிகையில் வளர்ந்தவர். கிருபர் கேட்ட வினா அந்தப் பதிகத்தில் எங்கும் கேட்கப்படவில்லை.

ஆயினும் நம் கோயில் வாயில்களில் அது கேட்கப்பட்டது. திருநாளைப்போவார் காண்பதற்காகத் திருப்புன்கூரில் நந்தியை விலகச் சொன்னான் இறைவன். அந்தப் புராணத்தைப் பாராயணம் செய்துகொண்டே, அவர் மரபினரை நூற்றாண்டுகளாக வெளியே நிறுத்தியவர் நம் முன்னோர். 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள்தான் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலினுள் வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துச் சென்றார். மூலவோலை இறைவன் கையில் இருக்க, படியோலையை நாம் கிழித்துக்கொண்டிருந்தோம். சொல்ல நாணமாயினும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த இளைஞரிடம் இவற்றைச் சொல்லி வந்தபோது அவர் இடைமறித்தார். "நம்பியைப் பெற்றவர் இருவரும் நாயன்மார் என்கிறீர்கள். வளர்த்தவர் என்ன ஆனார்?" என்று கேட்டார். பெரும்பாலோர் கேட்காத கேள்வி. நரசிங்கமுனையரையரும் 63 நாயன்மாருள் ஒருவரே. திருவாதிரைதோறும் அடியார்க்கு 100 பொன் கொடுத்து வணங்கும் கொள்கை உடையவர். ஒருமுறை காமக்குறி மலர்ந்த மேனியில் திருநீறு மட்டும் பூசிய ஒருவர் வந்தார். மற்றவர் அருவருத்து ஒதுங்கினர். அரசரோ நீற்றைக் கண்டு கைகூப்பி, அவருக்கு இரட்டிப்பாக 200 பொன் கொடுத்து அனுப்பினார். நம்பியைப் பெற்றவர்களும் வளர்த்தவரும் திருச்சுற்றில் ஒரே வரிசையில்தான் எழுந்தருளியிருக்கின்றனர் என்றேன்.

மறுநாள் மாலை, விரிவுரைக்கு முன் கோயிலை வலம் வந்தேன். அவ்விளைஞர் தம்மை வளர்த்த பெரியவரைக் கைப்பிடித்து அறுபத்துமூவர் வரிசையின்முன் நின்றிருந்தார். பீடங்களில் எழுதிய பெயர்கள் எண்ணெய்ப் பிசுக்கேறி மங்கியிருந்தன. தோளில் இருந்த துண்டால் ஒரு பெயரைத் துடைத்து, பெரியவருக்குக் கண்பார்வை குறைவு போலும், உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

திருச்சிற்றம்பலம்